இரண்டு காற்று

ரொட்டிப் பையிலிருந்து மேசைமேல் கொட்டினார்
ஹில்கே ரோர்டா.
மூன்று துண்டு. நான்காவதை
குழாய் பொருத்த வந்தவனின் துளைப்பான்
மாவாக்கிவிட்டதாம்.
ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்தெரு வீட்டில்
அடுப்புச் சுவர் முழுக்கக் கப்பல் ஓடுகள், தொண்ணூற்றாறு.
இப்போது தொண்ணூற்றைந்தும் ஒரு குழியும்.

துண்டுகளைச் சேர்த்துவைத்தேன்.
பாய் வலப்பக்கம் புடைத்திருக்கிறது.
கொடி இடப்பக்கம் பறக்கிறது.

"பார்த்தீர்களா" என்றார்.
முப்பத்தோராண்டு தட்டையடிப் பாய்ப்படகில்
வாடன் கடலைக் குறுக்கே அளந்தவர்.
"ஒரு கப்பலுக்கு இரண்டு காற்றா?
முட்டை பொரிக்கிறபோதெல்லாம் கண்ணில் குத்துகிறது.
எப்படியும் புதிதாகத்தானே வரையப் போகிறீர்கள்,
திருத்திவிடுங்கள்."

மறுநாள் தொலைபேசியில் அவர் தங்கை அக்கே:
"அந்த வீட்டில் பாதி என்னுடையது.
கொடியில் கைவைத்தால் வழக்குப் போடுவேன்."

இரண்டு ஓடு எடுத்துக்கொண்டேன்.

சுடாத வெள்ளைப் பூச்சுக்குத் தாகம் அதிகம்.
தூரிகை தொட்டதும் உறிஞ்சிவிடும்.
தயங்கினால் தயக்கமும் பதியும்.
அழித்தெழுதும் பேச்சே இங்கில்லை.
நான் தொட்டு வரைவதோ
கழுவிய அடுப்புச் சாம்பலின் நிறம்.
நீலம் பிறகு,
சூளைக்கதவு சாத்தியபின்,
ஆயிரம் டிகிரியில், யாரும் பார்க்காதபோது.

ஊசித்துளைத் தாள்மேல் கரிமூட்டையைத் தட்டினேன்.
புள்ளி புள்ளியாக ஒரு கப்பல் வந்து நின்றது.
பாய்மரம், கயிறு,
அலைக்கு ஆறு இழுப்பு.
கொடிக்கு மட்டும் தாளில் புள்ளி கிடையாது.
அதை அவரவர் கைக்கு விட்டுவிடுவது வழக்கம்.

முதல் ஓட்டில் கொடி காற்றோடு போயிற்று.
நான் ஒன்றும் செய்யவில்லை, கை போனது.

இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன்.
எதிர்ப்பக்கம் இழுத்தால்
கொடி வரவில்லை, கந்தல் வந்தது.
மூன்று ஓடு வாளிக்குள் விழுந்தபின்
பழைய துண்டை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தேன்.
மரத்தடியில் தடித்துத் தொடங்கி
இடப்புறம் மெலிந்து
மயிரிழையாய் முடிகிறது கோடு,
ஒரே மூச்சில்.

இடக்கைக்காரன்.

ஓட்டுக்கு இத்தனை காசு என்று
இருட்டுவதற்குள் எண்ணி அடுக்கவேண்டிய நாளொன்றில்
கை போகிற பக்கம் கொடியை விட்டிருக்கிறான்.
காற்றைப் பற்றி
அவனிடம் யாரும் கேட்கவில்லை.

தூரிகையை இடக்கைக்கு மாற்றினேன்.
மாட்டுக் காதுமயிர் நுனி நடுங்கியது.
அந்த நடுக்கத்தோடேயே வந்தது கொடி.

சூளை ஆற இரண்டு நாள்.
இரண்டு கப்பலும் நீலமாகித்தான் வந்தன.
ஹில்கே ஆளுக்கொரு உள்ளங்கை கொடுத்து
எடை பார்ப்பவர்போல் நின்றார்.
வெகுநேரம்.
பிறகு சன்னலுக்குப் போனார்.
வெளியே மதகுக் காவலர் கூரைமேல்
ஒரு கொடி தொங்கிக்கொண்டிருந்தது.

"காற்று மாறும்போது" என்றார்,
என்னைப் பார்க்காமல்,
"கொடிக்குத்தான் முதலில் தெரியும்.
பாய் கனம். அது இன்னும்
பழைய காற்றையே நம்பிக்கொண்டிருக்கும்.
மூன்று நொடி. மிஞ்சினால் நான்கு.
அப்போது சுக்கான் பிடித்திருப்பவனிடம்
பேச்சுக் கொடுக்கக்கூடாது."

இடக்கை ஓட்டைச் செய்தித்தாளில் சுற்றினார்.
"இதை வரைந்தவன் கடலில் கிடந்தவன்.
எனக்குத்தான் இத்தனை நாள் புரியவில்லை."

நான்
கோபால்ட் கறைபட்ட என் இடக்கையை
மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ரசீது எழுதினேன். அக்கேயின் பாதியும்
அவரே கொடுத்தார், சில்லறையாக.
ரொட்டிப் பையை மறந்துவிட்டுப் போனார்.

காற்றுச் சரியாக வீசும் கப்பல்
என் தேநீர்க் கெண்டிக்கு அடியில்
சூடு தாங்கிக்கொண்டிருக்கிறது.